தலையணை மாற்றும் தினம்

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், டோக்கன் கொடுக்கும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் போன வாரம் தன் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தலையணை மாற்றும் தினமாம். வீட்டில் இருக்கும் பழசையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்களாம். எந்த உலகம் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டிருந்தால் டாக்டர் என்னை மேஜையோடு சேர்த்து வெளியே வைத்திருப்பார். அந்தத் தினம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் இதே ஆஸ்பத்திரியின் பின்னறையில், நானும் என் தம்பி மகளும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது பிறந்தது. அதனால் எங்கள் வீட்டில் என்ன போனது என்பதும் எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரன், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். நான் அவனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து குய்யோ முறையோ என்று கத்துவார்கள். இவன் வெளியே நின்று "வந்துட்டேன்" என்று ஒரு சொல் சொல்வான். அடுத்த சொல் கதவு திறந்த பிறகுதான் வரும். அதுவும் "போங்க" என்பதாக இருக்கும்.

அவனுக்கு வந்து வாய்த்தவள் நேர் எதிர். காலையில் பல் தேய்க்கும்போதே பேச ஆரம்பிப்பாள், நுரையும் பேச்சும் சேர்ந்து வரும். நான் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவேன். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள், "அண்ணி, சத்தத்தைக் குறைக்கணும்னா காதைத் திருகுங்க" என்பாள். அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே இருந்த பாலம் அவள்தான். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் இந்தப் பக்கம் திரும்பி, உங்கள் பெண்ணுக்குச் செருப்பு அறுந்துபோச்சாம் என்பாள். அந்தப் பக்கம் திரும்பி, நீ நேரம் கழித்து வருவது உன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லையாம் என்பாள். அவன் எப்போது அவளிடம் சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தே படித்துவிடுவாள். அப்பாவும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக்கொள்ள மட்டும் இருவருக்கும் வராது. அதற்குத்தான் அவள் இருந்தாளே.

பிறகு அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். சில மாதம் படுத்தாள். படுக்கையிலும் பேசிக்கொண்டுதான் இருந்தாள், குரல் மட்டும் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போனால் குழாய் சொட்டும் சத்தம் கேட்கும். முன்பும் அது சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும், எங்கள் காதில் விழுந்ததில்லை. நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், என்னிடம் ஒரு சாவி உண்டு. சாயங்காலம் குழம்பு கொண்டுபோய் வைப்பேன். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "சாப்பிட்டியா" என்பான். "ம்" என்பாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவளைப் பார்த்துச் சாப்பிட்டியா என்று கேட்கிறான் பாருங்கள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பேச்சு. நானும் நடுவில் உட்கார்ந்து தபால்காரி வேலை பார்க்க முயன்றேன். எனக்கு அது வரவில்லை. நான் சொன்னால் திட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

அவள் படுத்த கட்டிலில், ஜன்னல் பக்கம், அவளுடைய தலையணை அப்படியே கிடந்தது. கழுத்து வலிக்காரி என்பதால் பஞ்சை நடுவில் அமுக்கி அமுக்கிப் பள்ளம் செய்து வைத்திருந்தாள். தைல வாசனை அடிக்கும். தம்பி வாரத்துக்கு ஒருமுறை விரிப்பை மாற்றுவான், தன் தலையணைக்கு உறை மாற்றுவான், அவளுடையதைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் அப்படியே வைப்பான். உறையைக் கழற்றியதே இல்லை. ஒரு மதியம் நான் சாவி போட்டு உள்ளே போனபோது, வேலையிலிருந்து பாதியில் வந்திருந்த என் தம்பி மகள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் குழம்புச் சட்டியோடு சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். அவள் அப்பா இல்லாத நேரம் பார்த்து வருகிறாள், அவன் அவள் இல்லாத நேரம் பார்த்து அதைத் தொட்டுக்கொள்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே தலையணை. அந்தப் பெண்மணி போன பிறகும் இருவருக்கும் நடுவில்தான் கிடந்தாள்.

என் தம்பி மகளுக்கு வேலை எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடத்தில், ஒரு விளம்பரக் கம்பெனியில். ஒரு மெத்தைக் கடைக்காக தினம் ஒரு பதிவு எழுதிப் போனில் போட வேண்டும். மெத்தையைப் பற்றி ஒரு மனுஷி தினமும் என்ன எழுதுவாள்? அதற்குத்தான் இந்தத் தினங்கள். கடல் தினம், காகிதத் தினம், சிரிக்கும் தினம், தண்ணீர் தினம், நடக்கும் தினம், மரத்தைக் கட்டிக்கொள்ளும் தினம், ஜோடி சேராத காலுறையைப் போட்டுக்கொள்ளும் தினம். எவனோ எங்கேயோ வேலையில்லாமல் உட்கார்ந்து உண்டாக்கியது. இவள் அதை எடுத்து, ‘இன்று நன்றாக நடங்கள், களைத்துப்போய் எங்கள் மெத்தையில் விழுங்கள்’ என்று முடிச்சுப் போடுவாள். நான் கிண்டல் செய்வேன். ஊமைக்கோட்டான் பெற்ற பிள்ளைக்கு வாய் முழுக்க விரல் நுனியில் இருக்கிறதே என்பேன். அவளும் சிரிப்பாள். இதையெல்லாம் யார் அத்தை படிக்கிறார்கள் என்பாள்.

அவள் அப்பா படித்துக்கொண்டிருந்தான். இது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில்தான் தெரிந்தது. ஆனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. ரேடியோ படுக்கையில் கிடந்தபோது அவன் போனை வாங்கி, அந்த மெத்தைக் கடையின் பக்கத்தைத் திறந்து கொடுத்திருக்கிறாள். "இதெல்லாம் நம்ம பொண்ணு எழுதுறது. நான் போனப்புறம் அவ மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கு யார் சொல்லுவா? இதைப் படிங்க" என்றிருக்கிறாள். அவள் அதைப் பாதி விளையாட்டாகச் சொல்லியிருப்பாள். இவன் வேத வாக்காக எடுத்துக்கொண்டான். அவன் அப்படித்தான், ஒரு வேலையைக் கொடுத்தால் கடைசி திருகாணி வரை முடுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

ஆகவே அந்தக் கடை எதைச் சொன்னாலும் அவன் செய்தான். மகள் தனக்கு எழுதுகிறாள் என்று நினைத்துச் செய்தான். நடக்கும் தினத்தன்று பஸ்ஸை விட்டுவிட்டு, கருவிப் பையைச் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். ஒரு நாள் ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் சாம்பல் காலுறையோடு வேலைக்குப் போனான். பெண்டாட்டி போன துக்கத்தில் மூளை கலங்குகிறதோ என்று நினைத்தேன். பழைய நண்பனுக்குப் போன் போடும் தினத்தில், தொழில் படித்த காலத்துச் சிநேகிதன் ஒருவனுக்குப் போன் போட்டு, "எப்படி இருக்கே" என்று கேட்டுவிட்டு, அவன் அழ ஆரம்பித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றானாம். மரத்தைக் கட்டிக்கொள்ளும் தினத்தில் நானே பார்த்தேன். தெரு முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான், யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் ஒரு கையை மரத்தின்மேல் போட்டான், உடனே எடுத்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் அதை மகளுக்காகச் செய்தான் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த மதியம். அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மெத்தைக் கடை முதலாளியின் கிடங்கில் தலையணை மலைபோல் குவிந்துவிட்டதாம், அடுத்த சனிக்கிழமை விற்றாக வேண்டுமாம். அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு தினமும் கிடைக்கவில்லை. எல்லாப் பட்டியலையும் பார்த்துவிட்டாளாம், வெறும் நாள். நானே ஒன்று உண்டாக்கிவிடட்டுமா என்று கேட்டாள். உன் வீட்டுச் சொத்தா போகப்போகிறது, உண்டாக்கிக்கோ என்றேன். தலையணை மாற்றும் தினம் என்றாள். பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியது பாதி விலை. டீ ஆறுவதற்குள் போனில் எழுதியும் முடித்துவிட்டாள். எனக்கு வாசித்துக் காட்டினாள்: ‘பழைய தலையணையில் பழைய கண்ணீர் காயாமல் கிடக்கும். அதைக் கொடுத்துவிடுங்கள். நாளை முதல் உங்கள் வீட்டில் யாரும் அழ வேண்டாம்.’ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் டோக்கன் கொடுக்கப் போனேன்.

சனிக்கிழமை கடை வாசலில் கம்பி வலையில் ஒரு பெரிய கூண்டு கட்டி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் பழைய தலையணையைத் தூரத்திலிருந்து பந்து எறிவதுபோல் அதற்குள் எறிய வேண்டும், அதைப் படம் பிடிப்பார்கள். என் தம்பி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கத்துத் தலையணையைத் துவைத்த வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றிருக்கிறான். தன் பெண்தான் இதை எழுதினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவள் அப்போது அலுவலகத்தில் இருந்தாள். கடையிலிருந்து வரும் படத் துண்டுகளில் எது நன்றாக இருக்கிறதோ அதைப் பொறுக்கி, மேலே இரண்டு வரி எழுத வேண்டியது அவள் வேலை. மேலாளர் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாராம், இந்த வருஷத்திலேயே நமக்குக் கிடைத்த சிறந்த படம் இதுதான் என்று. அதை நானும் பிறகு பார்த்தேன், ஒருமுறைதான் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு எறிகிறார்கள். இவன் எறியவில்லை. கூண்டின் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே போய், ஓரமாக வைத்துவிட்டு வருகிறான். படம் பிடிக்கிறவர் யாருடைய தலையணை என்று கேட்கிறார். "வீட்டுல... அவளோடது" என்கிறான். அவங்க வரலையா என்று கேட்கிறார். இவன் கேமராவைப் பார்க்கிறான். "இல்லை" என்கிறான். கண்ணைத் துடைக்கவும் தெரியவில்லை அந்த மடையனுக்கு, வழியவிட்டுக்கொண்டு நிற்கிறான். யாரோ ரிப்பன் கட்டிய புதுத் தலையணையை அவன் கையில் திணிக்கிறார்கள்.

இது என் அப்பா என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் இன்னும் நல்லதாயிற்று, நீயும் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் போடலாம் என்றாராம் மேலாளர். அவரும் பெண் பெற்றவர்தான். அவள் எழுந்து சாலையைக் கடந்து என்னிடம் வந்தாள். செருப்புப் போட்டிருக்கவில்லை. டோக்கனுக்கு நின்றவர்களை விட்டுவிட்டு நான் அவளோடு கிளம்பினேன். டாக்டர் பின்னாலேயே கத்தினார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக்குப் போனால் கூண்டு காலி. நிறைய நிறைய வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்களாம். ஊர் ஓரத்துக் கிடங்குக்குப் போனோம். அங்கே நான்கைந்து பெண்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு, தலையணைகளைக் கத்தியால் கீறி, பஞ்சை ஒரு பக்கமும் உறையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சு மெஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் உறைக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தேடினாள். நீல உறை, ஓரத்தில் தையல் விட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். நீல உறை எத்தனையோ இருந்தன. வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு தேடினாள், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கிடைக்கவில்லை. பிறகு என் தம்பி மகள் பஞ்சுக் குவியலுக்குப் போய் மண்டியிட்டு, கை கையாக அள்ளி முகர்ந்து பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சில் பேர் எழுதியா வைத்திருக்கிறது, எழுந்திருடி என்று அதட்டினேன். அதட்டிவிட்டு நானும் ஒரு கை அள்ளி முகர்ந்தேன். தூசி வாசனைதான் அடித்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏன் கொடுத்தார் அத்தை, அவருக்கு எப்படி மனசு வந்தது, அம்மாவை அவர் மறந்தே போய்விட்டாரா, இன்றைக்குக் கேட்காமல் விடமாட்டேன் என்று. நானும் கொதித்துப்போய்த்தான் இருந்தேன். கதவைத் திறந்ததும் நான்தான் முந்திக்கொண்டேன்.

"யாரைக் கேட்டுடா குடுத்தே? உனக்கு ஒருத்தனுக்கு மட்டுமா அவ சொந்தம்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான். அவன் முகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு வாத்தியாரைப் பார்ப்பதுபோல் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

"பாப்பாதானே குடுக்கச் சொன்னா" என்றான்.

போனை எடுத்து நீட்டினான். அந்த மூன்று வரி இருந்தது. பிறகு என் தம்பி பேசினான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ரேடியோ படுக்கையில் சொன்னதைச் சொன்னான். நடந்ததை, காலுறையை, சிநேகிதனுக்குப் போன் போட்டதை, மரத்தைத் தொட்டதை எல்லாம் சொன்னான். நீ சொன்னது ஒன்று விடாமல் செய்தேன் என்றான். தண்ணீர் குடிக்கச் சொன்னது தனக்குச் சிறுநீரகக் கல் இருப்பதால்தான் என்று புரிந்துகொண்டானாம். சிரிக்கச் சொன்ன நாளன்று மட்டும் முடியவில்லை என்றான், அதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல்.

"அந்தத் தலையணை சில நாள் ஈரமா இருக்கும்மா. கை வச்சுப் பார்ப்பேன். நீ வந்து அழுதுட்டுப் போறேன்னு தெரியும். எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியலை. அப்புறம் நீயே எழுதிட்டே, இதைக் குடுத்துடுங்க, வீட்டுல யாரும் அழ வேண்டாம்னு. எனக்குக் குடுக்க மனசே இல்லை. ஆனா நீ வாய் விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

எனக்கு வாய் தானாகத் திறந்தது. அடேய், அது உனக்கு எழுதினது இல்லை, கடைச் சரக்கு விற்க எழுதினது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் தம்பி மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியும்படி பிடித்தாள். அவளுக்கு என்னைவிட முந்திப் புரிந்துவிட்டது. அந்த ஒரு பதிவு அவனுக்கு எழுதியது இல்லை என்றால், எந்தப் பதிவும் அவனுக்கு எழுதியது இல்லை. பெண்டாட்டி போன நாளிலிருந்து மகள் தன்னோடு தினமும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவனிடம், உன்னோடு யாரும் பேசவே இல்லை என்று எப்படிச் சொல்வது? அம்மாவுடைய தலையணை போய்விட்டது. அது எப்படியும் வரப்போவதில்லை.

"ஆமாப்பா" என்றாள். "உங்களுக்குத்தான் எழுதினேன்."

"எல்லாமா?"

"எல்லாமே."

அவன் தலையாட்டினான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. இனிமேல் நன்றாகத் தூங்கு என்றான். ரிப்பன் கட்டிய புதுத் தலையணையைத் தன் கட்டிலில் வைக்காமல் அவள் கட்டிலில் வைத்திருந்தான், அதைக் காட்டினான். அவள் பார்த்தாள், நன்றாக இருக்கிறதப்பா என்றாள். பேச்சு எப்படி வந்ததோ எனக்குத் தெரியாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

அவன் மகள் பக்கத்தில் வந்தான். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா போயிருந்தே?" என்று கேட்டான். கடையில் வேலைப்பா என்றாள். அவன் அதை ஜாக்கிரதையாகப் பிய்த்து எடுத்து, விரலால் உருட்டி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட வரச் சொன்னான்.